மாதவிடாய் நிற்கும் பருவம்: புரிந்துகொள்ளவும் சமாளிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்." நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் எந்த உபாதையைச் சொன்னாலும் முதலில் கிடைக்கிற பதில் இதுதான். கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும். சிகிச்சை உள்ள தொல்லைகளை வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வைக்கும். மாதவிடாய் நிற்பதோடு சம்பந்தமே இல்லாத நோயையும் அதே கணக்கில் எழுதி மறைத்துவிடும். எது இந்தப் பருவத்தின் இயல்பு, எதற்கு மருந்து உண்டு, எதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அந்த வரிசையில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கடைசி மாதவிடாய் வந்து முழுதாக 12 மாதம் ஆகிவிட்டால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. பதினோராம் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது 45-க்கும் 55-க்கும் இடையில் நடக்கும். சராசரி வயது பல நாடுகளில் 51 அளவில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு சில ஆண்டுகள் முன்பின் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே வந்துவிடும்.

ஆனால் தொல்லைகள் மாதவிடாய் நின்ற பிறகுதான் தொடங்கும் என்றில்லை. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பலரைப் படுத்தி எடுக்கும். பிறக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைக்கருக்கள் இருக்கும். பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம் மிஞ்சும். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். இருப்பு குறையக் குறைய முட்டை வெளிவருவது தாறுமாறாகும். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பதில்லை. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ சீராக இறங்காமல் ஒரு வாரம் எகிறும், அடுத்த வாரம் சரியும். மார்பு கனத்து வலிப்பதும், ரத்தப்போக்கு கொட்டித் தீர்ப்பதும், அதே மாதத்திலேயே உடல் குப்பென்று வியர்ப்பதும் இதனால்தான். "ஹார்மோன் குறைஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னால் இந்தக் குழப்பம் புரியாது.

ஒரு எளிய அளவுகோல் உண்டு. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் 7 நாளோ அதற்கு மேலோ மாறிக்கொண்டே இருந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழ ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் நெருங்கிவிட்டது. பெரும்பாலும் இன்னும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்.

45 வயதைத் தாண்டி, வழக்கமான அறிகுறிகளும் இருந்தால் இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை தேவையில்லை. சினைப்பைகளைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு இந்தக் காலத்தில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று "நார்மல்" என்று வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது சரியல்ல. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த அளவே நம்பத்தக்கதல்ல. 40-க்கும் 45-க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை உதவலாம்.

40-க்கு முன்பே நின்றுவிட்டால் அது தனிக் கதை. சுமார் நூற்றில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்கிறது. அதற்குக் கட்டாயம் பரிசோதனையும் காரணம் தேடலும் வேண்டும். எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பல ஆண்டுகள் கூடுதலாகக் கழிக்க வேண்டியிருப்பதால், தடை ஏதும் இல்லையென்றால் இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் சிகிச்சை எடுக்கும்படி மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு மாற்றம் படிப்படியாக வராது, ஒரே நாளில் வந்துவிடும். தொல்லைகளும் அதிக வேகத்தோடு வரும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பைகளை விட்டுவைத்தவர்களுக்கு மாதவிடாய் என்ற அடையாளமே இருக்காது என்பதால் மற்ற அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இன்னொன்று: தாறுமாறாக வருகிறது என்பதால் கருத்தரிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 50 வயதுக்கு மேல் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஓராண்டு வரையும், 50-க்குள் நின்றால் இரண்டு ஆண்டுகள் வரையும் கருத்தடை தேவை.

படி 2: ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு மூன்று மாதம் குறித்து வையுங்கள். செல்போனில் குறித்தாலும் சரி. ஆனால் "இன்று மோசம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: "செவ்வாய். மாதவிடாய் 3-ஆம் நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். இரவு 2.40-க்கு வியர்வையில் விழிப்பு, உடை மாற்றினேன், மறுபடி தூங்க ஒரு மணி நேரம். காலையில் எரிச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிவு இல்லை." நான்கு வரிதான். ஆனால் மருத்துவர் கேட்கப்போகிற பாதிக் கேள்விகளுக்கு இதில் விடை இருக்கிறது.

கூடவே ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்த வாரம் என்னை அதிகம் முடக்கியது எது? தூக்கமா, ரத்தப்போக்கா, மனநிலையா, உறவின்போது வலியா? பட்டியல் நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மற்றவற்றை இழுத்துக்கொண்டு வரும். இரவு வியர்வை அடங்கினாலே மறதியும் கோபமும் பாதி குறைந்துவிடும் பெண்கள் நிறைய. சிகிச்சையை அங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 3: இந்தப் பருவத்தின் தலையில் கட்டக் கூடாதவை

எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தப்போக்கு. ஓராண்டு முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும், பழுப்புக் கறையாக இருந்தாலும், ஒரே ஒருமுறை என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உலர்ந்து மெலிந்த திசுவோ பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும் புற்றுநோய் இது, அது தன்னைக் காட்டிக்கொடுக்கும் வழியும் இந்தக் கறைதான். ஸ்கேன் எடுத்து உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள். "போன வருஷம் நின்னது திரும்ப வருது போல" என்று விட்டுவிடாதீர்கள்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலத்திலும் எல்லை உண்டு. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்வது, பெரிய கட்டிகளாகப் போவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது, 21 நாளுக்குள் திரும்ப வருவது, உறவுக்குப் பின் ரத்தம் படுவது ஆகியவை "நிற்கப் போகுது, அதான்" என்று விடக்கூடியவை அல்ல. நார்க்கட்டி, பாலிப், உள்சவ்வுத் தடிப்பு என்று காரணங்கள் இருக்கலாம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் இரும்புச்சத்து வற்றிவிடும். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொத்தாக உதிர்வது, எந்நேரமும் அசதி என்றால் ரத்தச்சோகையையும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டும் இதே வேஷம் போடும். வியர்வை, படபடப்பு, எடை மாற்றம், மனச்சோர்வு, மாதவிடாய்க் கோளாறு எல்லாம் அதிலும் உண்டு. ஒரு டி.எஸ்.எச். பரிசோதனையில் தெரிந்துவிடும். படபடப்போடு மயக்கமோ நெஞ்சு அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் காரணம் தேடி உட்கார்ந்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இரவு வியர்வையோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தாலும் அப்படியே, காட்டித்தான் ஆக வேண்டும்.

படி 4: குப்பென்று வரும் சூட்டைக் கையாள்வது

மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும். மேலுதட்டிலும் பின்னங்கழுத்திலும் வியர்வை அரும்பும், இதயம் வேகமாக அடிக்கும். சிலருக்கு அதற்குச் சில நொடி முன்பே காரணம் தெரியாத ஒரு கலக்கம் வரும். ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்கியதும் நனைந்த உடையோடு உடம்பு சில்லிட்டு நடுங்கும். பகலில் வந்தால் சங்கடம், இரவில் வந்தால் தூக்கம் போச்சு.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. அங்குள்ள ஒருவகை நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை மிகையாகச் செயல்பட்டு, உடல் பொறுத்துக்கொள்ளும் வெப்ப இடைவெளியை மிகக் குறுகலாக்கிவிடுகின்றன. உள் வெப்பம் இம்மியளவு ஏறினாலே "வியர்த்துத் தள்ளு" என்று உத்தரவு போகிறது. ஆக இது மனப்பிரமையும் அல்ல, பதற்றத்தின் விளைவும் அல்ல.

நான்கில் மூன்று பெண்களுக்கு இது வருகிறது. ஓரிரு வருடத்தில் போய்விடும் என்று சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி சூடு வருபவர்களில் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. மாதவிடாய் நிற்பதற்கு வெகு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. "கொஞ்ச நாள் பொறு" என்ற அறிவுரையை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? பருத்தி உடை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய அடுக்கு, கட்டிலருகே மின்விசிறி, மாற்று உடை, குளிர்ந்த தண்ணீர். மது, காபி, காரம் ஆகியவை தூண்டுகின்றனவா என்று உங்கள் நோட்டிலேயே தெரியும். தூண்டினால் குறையுங்கள், இல்லையென்றால் எதற்கு வீணாகத் துறக்க வேண்டும்? இவையெல்லாம் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், ஆனால் எத்தனை முறை வருகிறது என்பதைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை. விசிறி வைத்தும் அடங்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உடல் எடை அதிகமுள்ளவர்கள் எடையைக் குறைத்தால் பலன் தெரிகிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற ஆலோசனை முறை, சூட்டின் எண்ணிக்கையைவிட அது தரும் தொந்தரவைக் குறைக்கிறது. மருத்துவ ஹிப்னோசிஸுக்கும் சான்று உண்டு.

மூலிகைக் காப்ஸ்யூல்கள் பற்றி என் கருத்து கறாரானது. பிளாக் கோஹோஷ் முதலான துணை மருந்துகள், ஒப்பிடத் தரப்படும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாகப் பலன் தந்ததாக ஆய்வுகள் நிலையாகக் காட்டவில்லை. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. "இயற்கை" என்று லேபிளில் எழுதியிருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. எடுத்தே ஆவேன் என்றால் மருத்துவரிடம் மறைக்காமலாவது சொல்லுங்கள்.

படி 5: ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுப்பது

சூட்டுக்கும் இரவு வியர்வைக்கும் இருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது ஈஸ்ட்ரோஜன்தான். அப்படியிருந்தும் பலர் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை.

அமெரிக்காவில் டபிள்யூ.எச்.ஐ. (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) என்ற பெரிய ஆய்வு 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்தது. சராசரியாக 5 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓடியபோது, நன்மையைவிட ஆபத்து அதிகம் என்று பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அந்த 26 சதவீதம் என்பது, ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 பேர் ஆனது. கூடுதலாக 8 பேர். அதே 10,000 பேரில் பக்கவாதம் 8, மாரடைப்பு முதலான இதய நிகழ்வுகள் 7 கூடின. இடுப்பு எலும்பு முறிவு 5, குடல் புற்றுநோய் 6 குறைந்தன. எட்டு பேர் என்பது அற்பம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டிய எண் அதுதான், 26 அல்ல.

அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆனவர்கள் பலர். இன்று சிகிச்சை கேட்டு வருபவர்களோ ஐம்பதையொட்டியவர்கள். பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. இப்போது மருத்துவ அமைப்புகளின் பொதுக் கருத்து: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தடை ஏதும் இல்லாத பெண்ணுக்குத் தொல்லைகள் கடுமையாக இருக்கும்போது நன்மை பெரும்பாலும் ஆபத்தைவிட மேலோங்கும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை என்பதும் அப்புறம் தெரிய வந்தது. ஆனால் பக்கவாதம் அங்கும் கூடியது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. அது உள்சவ்வைத் தடிக்கச் செய்து புற்றுநோய்க்கு வழி திறக்கும். கூடவே புரோஜெஸ்டிரோன் வகை வேண்டும், மாத்திரையாகவோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமாகவோ. ஈஸ்ட்ரோஜனை வாயால் எடுத்தால் கல்லீரல் வழியே போவதால் ரத்தக்கட்டி ஆபத்து சற்றுக் கூடும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ வழக்கமான அளவில் எடுத்தால் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. எடை அதிகம், ஒற்றைத் தலைவலி, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம் என்றால் தோல்வழியைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள்.

யாருக்குப் பொதுவாகத் தருவதில்லை? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள். குடும்பத்தில் யாருக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பது மட்டுமே கதவைச் சாத்திவிடாது; தனியாக எடைபோட வேண்டிய விஷயம்.

தொடங்கிய முதல் சில வாரங்கள் மார்பு வலி, வயிறு உப்புசம், தலைவலி வரலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒழுங்கற்ற கறை படுவதும் சகஜம். அதற்குப் பிறகும் பட்டாலோ, நின்றிருந்தது புதிதாகத் தொடங்கினாலோ சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு பரிசீலனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எத்தனை ஆண்டு என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே காலக்கெடு இல்லை. சேர்ந்த சிகிச்சையில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஆண்டுகள் கூடக் கூட ஏறும் என்பதால், தொடர்வதா நிறுத்துவதா என்று ஒவ்வோர் ஆண்டும் பேசி முடிவு செய்வதுதான் முறை. நிறுத்தும்போது சூடு கொஞ்ச காலம் திரும்பி வரலாம்.

"உங்கள் உடலுக்கென்றே தயாரித்தது" என்று விற்கப்படும் கலவை ஹார்மோன்களையும் தோலுக்கடியில் வைக்கும் பெல்லட்டுகளையும் தவிர்ப்பது நல்லது. அளவு ஒரே சீராக இருப்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்குரிய சோதனை அவற்றுக்கு இல்லை. மனித உடலில் உள்ளதைப் போன்றே அமைந்த எஸ்ட்ராடியாலும் புரோஜெஸ்டிரோனும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவே கிடைக்கின்றன.

படி 6: ஹார்மோன் வேண்டாம், அல்லது முடியாது என்றால்

வழி அடைபட்டுவிடவில்லை. மனச்சோர்வு மருந்து வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவை குறைந்த அளவிலேயே சூட்டைக் குறைக்கின்றன. எழுதித் தந்தால் "என்னை மனநோயாளி ஆக்கிவிட்டார்கள்" என்று எண்ண வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸெட்டினைத் தவிர்க்க வேண்டும், அது தமாக்சிஃபென்னின் வேலையைக் கெடுக்கும். இரவுத் தொல்லை மட்டும் அதிகம் என்றால் நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் மருந்தைப் படுக்கும் முன் எடுப்பது உதவும். ஹைப்போதலாமஸில் நேராக வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோனில்லாத மருந்து 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை தொடர்ந்து வேண்டும்.

படி 7: தூக்கம், மனம், மறதி

விழித்துக் கிடக்கும் நேரத்தில் கட்டிலிலேயே புரள்வதைவிட எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மறுபடி படுப்பது நல்லது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது அதைவிட முக்கியம். தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சையில் இவைதான் அடிப்படை; நீண்டகாலத்தில் தூக்க மாத்திரையைவிட அதற்குப் பலன் அதிகம். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு அது பெண்களுக்குக் கூடுகிறது, குறட்டையை ஆண்களின் சமாச்சாரம் என்று நினைப்பதால் தவறவிடப்படுகிறது.

சுருக்கென்று கோபம், ஒன்றுமில்லாததற்கு அழுகை, எதிலும் பிடிப்பின்மை. முன்பே மனச்சோர்வு வந்தவர்கள், பிரசவத்துக்குப் பின்னோ மாதவிடாய்க்கு முன்போ மனநிலை மோசமாகக் குலைந்தவர்கள் இந்தக் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவி தேடுங்கள்.

மறதிக்கு வருவோம். சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்பது, அறைக்குள் வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பது, கூட்டத்தில் தெரிந்தவர் பெயர் வராமல் திண்டாடுவது. மூளை மந்தமாகிவிட்டதோ என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் இது தற்காலிகம். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் பலருக்குத் தெளிந்துவிடுகிறது. தெரிந்த பாதையில் வழி தவறுவது, பழகிய வேலையைச் செய்யும் வரிசையே மறப்பது என்றால் அது வேறு. சோதித்துப் பார்க்க வேண்டும்.

படி 8: யாரும் வாய்விட்டுப் பேசாதது

சூடு ஒருநாள் அடங்கும். பிறப்புறுப்பு வறட்சி தானாக அடங்காது, சிகிச்சை இல்லாவிட்டால் வருடம் ஆக ஆகக் கூடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தத் தோல் மெலிந்து, நெகிழ்வு போய், அமிலத்தன்மையும் மாறிவிடுகிறது. சிறுநீர்ப்பாதைக்கும் அதே கதிதான். அதனால் எரிச்சல், அரிப்பு, உறவின்போது கண்ணாடித் துண்டு கீறுவது போன்ற வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று. பாதிப் பெண்களுக்காவது இதில் ஏதாவது ஒன்று இருக்கிறது. இதை மருத்துவரிடம் சொல்பவர்கள் குறைவு. மருத்துவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

முதலில் எளியவை. சோப்பு, வாசனைத் திரவம், உள்ளே கழுவுவது மூன்றையும் நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பூசும் ஈரப்பசை ஒன்று, உறவின்போது மட்டும் பயன்படுத்தும் வழுக்குப் பொருள் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. எண்ணெய் சார்ந்த வழுக்குப் பொருள் லேடெக்ஸ் ஆணுறையைச் சேதப்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

போதவில்லையென்றால் பிறப்புறுப்பிலேயே பயன்படுத்தும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ வளையமோ இருக்கிறது. உடலுக்குள் போவது மிகச் சொற்பம் என்பதால், வாயால் எடுக்கும் ஹார்மோனுக்குச் சொல்லப்படும் ஆபத்துகள் இதற்கு அப்படியே பொருந்தாது. கூடப் புரோஜெஸ்டிரோனும் வேண்டியதில்லை. கிரீமும் மாத்திரையும் வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இருமுறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தினால் வறட்சி திரும்பும். அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றையும் இது குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிந்தால் இடுப்புத் தளத் தசைப் பயிற்சியைத் தினமும் மூன்று மாதமாவது செய்ய வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்று ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் காட்டிக்கொண்டால் உழைப்பு வீணாகாது.

ஆசை குறைவது வேறு, வலியால் ஒதுங்குவது வேறு. வலியைச் சரிசெய்யாமல் "மனசு வரமாட்டேங்குது" என்று தம்பதியர் இருவரும் முடிவுகட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

படி 9: சத்தமில்லாமல் நடப்பவை

எலும்பு கரைவது வலிக்காது. கடைசி மாதவிடாயை ஒட்டிய சில ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்குக்கூட எலும்பு அடர்த்தி குறையும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது. எடை தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படியேறுவது என்று தசைக்கும் எலும்புக்கும் பாரம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டலும். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,200 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும். முடிந்தவரை உணவிலேயே வரட்டும், குறைந்ததை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள்.

சிறு விழுதலில் எலும்பு முறிந்தவர்கள், சீக்கிரமே மாதவிடாய் நின்றவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிவு வந்தவர்கள் 65 வயது வரை காத்திருக்காமல், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். அதில் உங்கள் எலும்பை இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்ணான டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை.

கெட்ட கொழுப்பு ஏறுவதும், கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவதும் இதே ஆண்டுகளில்தான். பெண்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான், மார்பகப் புற்றுநோய் அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் எவ்வளவு என்று தெரியாமல் ஐம்பதைக் கடக்காதீர்கள்.

மூட்டுவலியும், கையைத் தூக்க முடியாமல் தோள் இறுகுவதும் இந்தப் பருவத்தில் நிறையப் பேருக்கு வரும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, மூட்டில் வீக்கம் என்றால் வாதநோயா என்று பார்க்க வேண்டும்.

படி 10: மருத்துவர் அறையில்

கிடைக்கும் நேரம் குறைவு. "டாக்டர், எனக்கு ஒரே டயர்டு, என்னமோ மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தால் சத்து மாத்திரையோடு வெளியே வருவீர்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "எனக்கு 49 வயது. கடைசி மாதவிடாய் 70 நாள் முன்பு. இரவில் மூன்று முறை வியர்த்து எழுந்திருக்கிறேன், இரண்டு மாதமாக. வேலை செய்ய முடியவில்லை. ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய் எனக்கு வந்ததில்லை. ஹார்மோன் சிகிச்சை எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் வேறென்ன?" எடுக்கும் மருந்துகளின் பட்டியலும் குடும்பத்து நோய் வரலாறும் கையில் இருக்கட்டும்.

வீட்டிலும் இதே முறை பலிக்கும். "என்னைப் புரிஞ்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "ராத்திரி நான் எழுந்து போனா பின்னாலேயே வந்து என்னாச்சுன்னு கேக்காதீங்க, காலைல முதல் அரை மணி நேரம் மட்டும் வேலையைப் பார்த்துக்கோங்க" என்றால் செய்வார்கள். அலுவலகத்தில் மேலாளரிடம் எல்லாம் விளக்க வேண்டியதில்லை. விசிறிக்கு அருகில் இருக்கை, சில மாதத்துக்கு வேலை நேரத்தில் தளர்வு என்று தேவையை மட்டும் கேட்டால் போதும்.

"இந்த வயசில் சகஜம்" என்ற பதிலோடு அனுப்பிவிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேறு காரணம் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" தெளிவான விடை வந்தால் நல்லது. வராவிட்டால், நோட்டோடு இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.